அரசு முன்வருமா?

2022 ஜனவரி 6ஆம் நாள் தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் ஒளிபரப்பானது. அதற்கு முன்பெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை மறுநாள் நாளிதழில் வந்த நான்கு பத்திகளைக் கொண்டுதான் நம்மில் பலரும் அறிந்துகொண்டோம். அந்த நான்கு பத்திகளிலும் யார் வெளிநடப்புச் செய்தார், யாருடைய பேச்சு அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது என்பவைதான் முதலிடம் பிடித்திருக்கும். நேரலை வந்த பிறகு, கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் காலையில் அதை ஓடவிட்டுக்கொண்டே என் வேலையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கேட்கக் கேட்க, கூச்சலைவிட வேறொன்று என்னை உறுத்தத் தொடங்கியது. அது கேள்விகள் முடியும் விதம். இன்ன தொகுதியில் தீயணைப்பு நிலையம் அமைக்க அரசு முன்வருமா? இன்ன ஊரில் அரசு கலைக் கல்லூரி தொடங்க ஆவன செய்யப்படுமா? இன்ன பேருந்து நிலையத்தைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா? ஆளுங்கட்சி, கூட்டணிக் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இதில் அதிகமில்லை. உறுப்பினர் எழுகிறார், பேரவைத் தலைவருக்கும் தன் கட்சித் தலைமைக்கும் தொகுதி மக்களுக்கும் நன்றி சொல்கிறார், கோரிக்கையை வைக்கிறார். ஏற்கெனவே பக்கத்து ஊரில் அந்த வசதி இருப்பதால் இப்போதைக்கு அவசியம் எழவில்லை என்கிறார் அமைச்சர். விடையைத் தொடர்ந்து துணை வினா கேட்கும் வாய்ப்பு வந்ததும் அந்த உறுப்பினர் முதல் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, தொகுதியின் வேறொரு மூலைக்கு வேறொன்றைக் கேட்கிறார்.

2021 ஆகஸ்ட் மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தம் கட்சி உறுப்பினர்களிடம், பேரவையில் தம்மைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், மீறினால் நடவடிக்கை எடுக்க நேரும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை அன்று எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். ஆனால் புகழ்ச்சி ஒரு மேல்தோல்தான். அதை உரித்தெடுத்தாலும் உள்ளே இருப்பது மனுவாகத்தான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 164ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மாநில அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. அந்த வரியின்படி அவையில் எழுந்து நிற்கும் உறுப்பினர் பதில் பெறும் உரிமை உடையவர். அமைச்சர் பதில் சொல்லும் கடமை உடையவர். நேரலையில் நான் பார்ப்பதோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கொடுப்பவர் இடத்தில் அமைச்சரும் வாங்குபவர் இடத்தில் உறுப்பினரும் இருக்கிறார்கள். வாங்க வந்தவர் கொடுப்பவரிடம் கணக்குக் கேட்பதில்லை.

இதற்காக உறுப்பினர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. தொகுதியில் அவரைத் தேடி வருகிறவர்கள் யாரும் நிதிநிலை அறிக்கையைப் பற்றிப் பேச வருவதில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை, பட்டா மாறுதல், நின்றுபோன டவுன் பஸ், காதுகுத்து அழைப்பிதழ் என்று வருகிறார்கள். ஐந்தாண்டு முடிவில் அவரை எடை போடுவதும் இவற்றை வைத்துத்தான். அமைச்சரைச் சங்கடப்படுத்தும் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால், அடுத்த மாதம் அதே அமைச்சரிடம் ஒரு சாலைக்காகப் போய் நிற்க வேண்டிய நிலை அவருக்கு இருக்கிறது. ஆளுங்கட்சி உறுப்பினருக்கு இது இன்னும் சிக்கல். எதிர்க்கட்சி உறுப்பினராவது தொலைக்காட்சிக்காகக் கொஞ்சம் சீறலாம்.

மூன்று துறை, ஓர் ஆறு

எங்கள் ஊருக்கும் அக்கரையில் உள்ள கிராமங்களுக்கும் இடையே ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டுமானால் சுற்றுவழியில் பல கிலோமீட்டர் வர வேண்டும். பிரசவத்துக்கான 108 வண்டியும் அந்தச் சுற்றுவழியில்தான் வரும். உயர்மட்டப் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை என் சிறு வயதிலிருந்தே உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சிகளின் வேன்களும் அந்தப் பாலத்தைக் கடந்து வந்துதான் பாலம் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. ஒரு கூட்டத்தொடரில் எங்கள் தொகுதி உறுப்பினர் அதை உண்மையாகவே கேள்வியாகக் கேட்டுவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் முந்தைய இரவே செய்தி பரவி, மறுநாள் காலை ஊரே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

கேள்விக்கு இரண்டு பகுதிகள். (அ) இன்ன ஊரில் உள்ள தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாகக் கட்ட அரசு முன்வருமா? (ஆ) ஆம் எனில், எப்போது? நெடுஞ்சாலைத் துறையின் விடை இப்படி வந்தது: (அ) இல்லை, அச்சாலை ஊராட்சி ஒன்றியச் சாலையாகும். (ஆ) எழவில்லை. அவ்வளவுதான். உறுப்பினர் துணை வினாவுக்கு எழுந்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர், தொகுதித் தலைநகருக்குப் புறவழிச்சாலை வேண்டும் என்று கேட்டார். திட்ட அறிக்கை தயாரிக்கும் பணி பரிசீலனையில் உள்ளது என்றார் அமைச்சர். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார் உறுப்பினர்.

அந்த விடையைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. சாலை ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியது. அதாவது ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. உயர்மட்டப் பாலம் கட்டும் அளவுக்கு அந்தத் துறையிடம் பணம் ஒதுக்கப்படுவது அரிது. அதற்கு முதலில் அந்தச் சாலையை மாவட்ட இதரச் சாலையாகத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஆற்றுப் படுகையோ நீர்வளத் துறைக்கு உரியது; தூண் எங்கே இறங்க வேண்டும், வெள்ள மட்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியது அவர்கள். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின் எண்களாகச் சொன்னால் நெடுஞ்சாலை 21, நீர்வளம் 40, ஊரக வளர்ச்சி 42. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடக்கும் ஒரே பாலம், கோட்டையில் மூன்று எண்களுக்கு இடையில் உள்ள இடைவெளியில் விழுந்து கிடக்கிறது. மூன்று அமைச்சர்களில் யாரைக் கேட்டாலும் மற்ற இருவரைக் கைகாட்டுவது சட்டப்படி சரியான விடைதான். கூட்டுப் பொறுப்பு என்று 164ஆம் பிரிவு சொல்வது இந்த இடைவெளிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கேள்வியை ஒரு துறைக்கு மட்டும் அனுப்பும் நடைமுறை அந்தக் கூட்டுப் பொறுப்பைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது.

இந்த எரிச்சல் எனக்குப் பல நாள் தணியவில்லை. எங்கள் உறுப்பினர் ஒரு நல்ல வாய்ப்பைக் கோட்டைவிட்டார் என்பதே அதன் மையமாக இருந்தது. அது வேறு பக்கம் திரும்பியது என் பெரியப்பாவோடு பேசிய ஒரு பிற்பகலில். தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சட்டமன்ற வினாக்களுக்கு விடை வரைவு எழுதியே தலை நரைத்தவர் என்று வீட்டில் கேலி செய்வோம்.

கோப்பு போகும் பாதை

பேரவைச் செயலகத்திலிருந்து ஒரு வினா துறைக்கு வந்துவிட்டால் அதற்கென்று தனிக் கோப்பு போடப்படும். மேலட்டையில் மிக அவசரம் என்ற சீட்டு இருக்கும். அது துறைத் தலைவர் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து கோட்டத்துக்கு, கோட்டத்திலிருந்து கடைசியில் அந்தப் பாலத்தின் மேல் நிஜமாகவே நடந்து பார்த்திருக்கும் உதவிப் பொறியாளரிடம். அவர் எழுதுவதுதான் முதல் விடை. பாலம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, எத்தனை நாள் முழுகுகிறது, கடைசியாக எப்போது மதிப்பீடு போடப்பட்டது, அது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுவார். பிறகு அந்த விடை மேலே ஏறத் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு வரி குறையும். தேதிகள் முதலில் போகும். அலுவலகங்களின் பெயர்கள் அடுத்துப் போகும். கோட்டைக்கு வந்து சேரும்போது இரண்டு வரி மிஞ்சியிருக்கும். அதைத்தான் அமைச்சர் வாசிப்பார். ஆனால், பெரியப்பா சொன்ன முக்கியமான விஷயம் இதுதான்: அந்த இரண்டு வரிக்குப் பின்னால், துணை வினா வந்தால் சொல்வதற்கென்று நான்கைந்து பக்கக் குறிப்பு ஒன்று தயாராகி அமைச்சரின் கோப்பில் இருக்கும். உதவிப் பொறியாளர் எழுதிய தேதிகள் அதில் இருக்கும்.

“அந்தக் குறிப்பைத் தயார் பண்றதுக்குத்தான்டா நாங்க ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்திருப்போம். நூறு தடவையில தொண்ணூறு தடவை அதை யாரும் திறக்கவே மாட்டாங்க. உங்க எம்.எல்.ஏ. புறவழிச்சாலை கேட்டாரே, அன்னிக்கு அந்த செக்‌ஷன்ல இருந்தவங்க எல்லாரும் நிம்மதியா டீ குடிக்கப் போயிருப்பாங்க.”

அப்படியானால் எந்தக் கேள்வி அவர்களைப் பதற வைக்கும் என்று கேட்டேன். எதிர்க்கட்சித் தலைவரின் ஆவேச உரை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். ஆவேச உரைக்கு அமைச்சரே பதில் சொல்லிக்கொள்வார்; அதற்கு அதிகாரி தேவையில்லை. அவர்கள் பயந்தது, போன ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் உறுப்பினரைத்தானாம். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் கட்சிகளிலும் ஓரிருவர் இருந்திருக்கிறார்கள், இடதுசாரிக் கட்சிகளில் சற்றுக் கூடுதலாக, என்பது அவர் கணக்கு. அவர்கள் குரலை உயர்த்துவதே இல்லை. ‘சாலையை ஒப்படைக்கக் கோரி ஊராட்சி ஒன்றியம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியதா? அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில்? அது இப்போது யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் பறக்கும். அன்று மாலையே மாவட்டத்துக்குத் தொலைபேசி போகும். விடை என்னவாக இருந்தாலும், எங்கோ ஒரு மேசையில் உறங்கிக்கொண்டிருந்த தாள் அன்று எழுந்து நடக்கத் தொடங்கும்.

மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருக்கிறோம்? இணையத்தில் எவரும் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒரே துறையின் குறிப்பை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். அந்தக் குறிப்பில் எந்தத் திட்டமும் தோற்பதில்லை. இந்த ஆண்டு பெருமையோடு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டு ‘பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன’ ஆகும். அதற்கடுத்த ஆண்டு அட்டவணையில் ஒரு வரியாகும். பிறகு காணாமல் போகும். கைவிடப்பட்டது என்ற வாக்கியத்தை அதில் தேடினாலும் கிடைக்காது. 2012 மார்ச்சில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா வெளியிட்ட தொலைநோக்குத் திட்டம் 2023, உள்கட்டமைப்புக்கு மட்டும் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்று பேசியது. 2023 வந்தபோது அவர் இல்லை, ஆட்சியும் மாறிவிட்டிருந்தது. பழைய அரசின் இலக்குக்குப் புதிய அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழைய அமைச்சருக்கோ தன் இலக்கைத் தானே நினைவூட்டும் அவசியமில்லை. இந்த இருவருக்கும் இடையில் இருந்து கேட்க வேண்டியவர் உறுப்பினர்.

அவை விதி 110 இதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. அந்த விதியின் கீழ் அமைச்சர் வாசிக்கும் அறிக்கைமீது அப்போது விவாதம் கிடையாது. 2011இலிருந்து 2016 வரை பெருந்திட்டங்கள் பலவும் இந்த ஒற்றை வழியாகத்தான் அவைக்குள் வந்தன. அன்று அதை விமர்சித்தவர்கள் ஆட்சிக்கு வந்த பின்பும் விதி அப்படியே பயன்படுகிறது. பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17 சமூக நீதி நாளாகக் கொண்டாடப்படும் என்ற 2021ஆம் ஆண்டு அறிவிப்பு அவ்விதியின் கீழ் வந்ததில் யாருக்கும் குறையில்லை. ஆனால் பல நூறு கோடி ரூபாய்க் கட்டுமானமும் அதே முறையில் வாசித்துக் கைதட்டல் பெற்றுப் போகும்போது, கேள்வி கேட்கும் நேரத்தை அது விழுங்கிவிடுகிறது.

அமைச்சர் அவையில் தரும் வாக்குறுதிகளைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மக்களவையில் இத்தகைய குழு 1953இலிருந்து உண்டு. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஆராய்ந்து பார்க்கிறேன்’ போன்ற எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று ஒரு பட்டியலே அங்கு வைத்திருக்கிறார்கள். உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்குள்ள நெறி. இங்கே 2021இல் அமைந்த பேரவையில் தி. வேல்முருகன் தலைமையில் அந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகச் சென்று, பாதியில் நிற்கும் கட்டடங்களின் முன்னால் நின்று அதிகாரிகளிடம் கேள்வி கேட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பயனுள்ள வேலை அது. ஆனால் இதற்கும் பெரியப்பாவிடம் ஒரு பதில் இருந்தது. எந்தச் சொல் உறுதிமொழியாகிவிடும் என்பது வரைவு எழுதுபவருக்கும் தெரியுமாதலால், ‘நிதிநிலைமைக்கு ஏற்ப’ என்ற இரண்டு சொற்களை முன்னால் சேர்ப்பது அவர் பணிக்காலத்தின் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட பாடமாம்.

கடைசி நாளில் வைக்கப்பட்ட அறிக்கை

கேள்வியைத் தவிர்ப்பதற்குச் சொற்களைவிட வலிமையான கருவி ஒன்று இருக்கிறது: நாட்காட்டி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு சென்னையில் அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் யாரும் அந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரி ஏன் அந்த நேரத்தில் அவ்வளவு திறக்கப்பட்டது, முன்கூட்டியே ஏன் திறக்கப்படவில்லை, யார் முடிவெடுத்தது, யாருடைய உத்தரவுக்காக யார் காத்திருந்தார்கள் என்று அடுத்த பல மாதங்கள் நகரமே கேட்டது. அரசு தரப்பு, நூறாண்டில் காணாத மழை என்றது. இதற்கு ஆவண பலத்தோடு விடை சொன்னது இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை. 3.645 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்ட முடிவை அது கேள்விக்கு உட்படுத்தியது. அணைக்கென அவசரகாலச் செயல்திட்டம் இல்லாததைச் சுட்டியது. வெள்ளப் பரப்பில் கட்டடங்கள் எழ அனுமதித்ததையும் சேர்த்து, இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றது. பொதுப்பணி, வருவாய், உள்ளாட்சி, நகரமைப்பு என்று பல துறைகளின் செயலை ஒரே அட்டைக்குள் வைத்துப் பார்த்த ஆவணம் என்பதுதான் அதன் சிறப்பு. எங்கள் பாலத்தை விழுங்கிய துறை இடைவெளியை அது ஒரு மாநகர அளவில் காட்டியது.

2017ஆம் ஆண்டுக்குரிய அந்த அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலை 9ஆம் தேதி. கூட்டத்தொடரின் கடைசி நாள் அது. லோக் ஆயுக்தா சட்ட முன்வடிவு நிறைவேறியதும் அதே நாளில்தான். ஊழலை விசாரிக்க ஓர் அமைப்பை உருவாக்கிய அவை, வெள்ளத்தில் நகரம் மூழ்கியதற்குக் காரணம் சொல்லும் அறிக்கையை மேசையில் வாங்கிவைத்துவிட்டுத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் நாளிதழ்களில் தலைப்புச் செய்தி வந்தது. அவையில் எழுந்து கேட்பதற்கு அவைதான் இல்லை. வெள்ளத்தின்போது பொதுப்பணித் துறையை வைத்திருந்தவர் ஓ. பன்னீர்செல்வம். அறிக்கை வந்தபோது அது முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியிடம் இருந்தது. வெள்ளக் காலத்து முதலமைச்சர் மறைந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது.

இதில் சட்ட மீறல் ஏதும் இல்லை என்பதுதான் வேதனை. தணிக்கை அறிக்கையை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லும் 151ஆம் பிரிவு, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. விசாரணை ஆணையச் சட்டம்கூட, ஆணையத்தின் அறிக்கையை ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்கச் சொல்கிறது. தணிக்கை அறிக்கைக்கு அந்தக் கெடுவும் இல்லை. அதன் பிறகு அறிக்கை போக வேண்டிய இடம், தணிக்கை அறிக்கைகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு. மக்களவையில் 1967இல் சுதந்திரா கட்சியின் மினு மசானி தொடங்கி, அக்குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருப்பது மரபு. இங்கே 2021இல் முதன்மை எதிர்க்கட்சியான அ.தி.மு.க. இருக்க, ஆளுங்கூட்டணியில் இருந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகை தலைவரானார். அவர் எப்படிப் பணியாற்றினார் என்பது வேறு விஷயம்; நாற்காலி யாருக்கு உரியது என்பதே இங்கே கேள்வி. ஆட்சியில் இருந்தபோது தணிக்கை அறிக்கையைக் கடைசி நாளுக்குத் தள்ளிய கட்சிக்கு, அடுத்த பேரவையில் அந்த நாற்காலியைக் கேட்டுப் போராடும் தார்மீக பலம் எவ்வளவு இருந்திருக்கும் என்றும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

138க்கு 138

இதே கோட்டையில் இதற்கு நேரெதிராக ஒரு காட்சி நடந்திருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டத்தை, குலக்கல்வித் திட்டம் என்ற பெயரில் தமிழகத்தில் எல்லோரும் அறிவார்கள். கிராமப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபட வேண்டும் என்ற திட்டத்துக்கு எதிராகப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் வீதியில் நடத்திய போராட்டங்கள் நம் பாடநூல் அளவுக்குத் தெரிந்த கதை. அவைக்குள் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1953 ஜூலையில், திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு பக்கமும் 138 வாக்குகள் விழுந்தன. பேரவைத் தலைவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை தம் வாக்கைத் தீர்மானத்துக்கு எதிராக அளித்துத் திட்டத்தைக் காப்பாற்றினார். அதோடு விடவில்லை அந்த உறுப்பினர்கள். திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம் வந்தது. அதில் அரசு 139க்கு 137 என்று தோற்றது. பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. அடுத்த ஆண்டு ராஜாஜி விலகி காமராசர் முதலமைச்சரான பின் 1954 மே மாதம் திட்டமே கைவிடப்பட்டது.

இரண்டு வாக்குகள் ஒரு மாநிலத்தின் கல்விக் கொள்கையை நிறுத்திய கதையை நினைக்கும்போது பெருமிதம் வருவது இயல்பு. ஆனால் அன்றைய அவையின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றது 152தான். பிறரின் ஆதரவில் நின்ற அரசு அது. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகும் என்ற பத்தாவது அட்டவணையும் அன்று இல்லை. அது 1985இல்தான் வந்தது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், தன் கட்சி அமைச்சரின் ஒரு கொள்கையை எதிர்த்து வாக்களிக்கும் உரிமையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெரும்பான்மை உள்ள எந்த அரசும் இன்று கொள்கை வாக்கெடுப்பில் தோற்கப் போவதில்லை. மானியக் கோரிக்கையின் முடிவில் நிதியைக் குறைக்கக் கோரும் எதிர்க்கட்சிகளின் வெட்டுத் தீர்மானங்கள் எல்லாம் குரல் வாக்கெடுப்பில் ஒரே மூச்சில் தோற்பதை நேரலை இல்லாமலேயே நம்மால் சொல்லிவிட முடியும். ஆக, 1953இல் வாக்கு செய்த வேலையை இன்று கேள்வியும் ஆவணமும் குழுவும்தான் செய்ய வேண்டும். அந்தக் கேள்வியையும் மனுவாக மாற்றிவிட்டோம் என்பதே என் ஆற்றாமை.

கேரளத்தில் 1980இலிருந்து சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்ட துறைசார் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகளை அக்குழுக்கள் ஆராய்கின்றன. நாடாளுமன்றத்துக்கு அந்த ஏற்பாடு 1993இல் வந்தது. தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கைகள் நேராக அவைக்கே வருகின்றன. ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள்கூட எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குழு அறையில் தொலைக்காட்சிக் கேமரா இல்லை என்பதால் உறுப்பினர் தன் கட்சி அமைச்சரின் செயலரிடம் தயக்கமின்றிக் கேட்க முடியும். அந்தப் பாலம் எந்தத் துறையின் கணக்கில் வரும் என்று மூன்று செயலர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்க முடியும். அரசமைப்பின் 208ஆம் பிரிவு அவைக்குத் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. துறைசார் குழுக்களை அமைக்கவும், கடைசி நாளில் வைக்கப்படும் தணிக்கை அறிக்கைக்கு அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில் ஒரு நாள் விவாதம் கட்டாயம் என்று எழுதிக்கொள்ளவும், டெல்லியிடம் கையேந்த வேண்டியதில்லை.

இதை உற்சாகமாகச் சொன்னபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “நாள் ஒதுக்கிடலாம்டா. அந்த அறிக்கையைப் படிச்சுட்டு வந்து கேக்கறதுக்கு ஆள் யாரு இருக்கா?” என்றார். உறுப்பினரிடம் இருப்பது மனுக்களைப் பிரித்து அடுக்கும் ஓர் உதவியாளர்; சற்று வசதியானவரானால் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளைஞர். இருநூறு பக்கத் தணிக்கை அறிக்கையிலிருந்து தன் தொகுதி ஏரியைப் பற்றிய பத்தியைத் தேடிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இளம் ஆய்வு உதவியாளர்களை இணைத்துவிடும் லாம்ப் என்ற திட்டம் 2010இலிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் தொடங்கப்பட்டு, திருச்சியில் உள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு 30 இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அரசின் முன்னுரிமைத் திட்டங்களைக் களத்தில் கண்காணித்து அரசுக்குச் சொல்வது அவர்கள் வேலை. நல்ல திட்டம், திறமையான பிள்ளைகள். அவர்கள் எல்லோரும் விடை சொல்லும் பக்கத்துக்குத்தான் போனார்கள். கேள்வி கேட்கும் பக்கத்தில் 234 பேருக்கும் சேர்த்து அப்படி ஐந்து பேரையாவது பேரவை நூலகத்தில் உட்காரவைக்கலாம். ஒவ்வொரு துறையும் கடந்த பத்தாண்டில் அவையில் தந்த விடைகளையும் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் தொகுதிவாரியாகப் பிரித்து வைப்பதே அவர்களின் முதல் வேலையாக இருக்கலாம். எங்கள் உறுப்பினருக்கு இதைக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பாலத்துக்காகக் கேட்க வேண்டிய துணை வினாக்கள் மூன்றையும், எந்தத் துறைக்கு எது என்று குறித்து, அதோடு இணைத்திருக்கிறேன்.